அரிசிப் பானையில் கிடந்த பேரிங்

எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அம்மாவின் மூக்குத்தித் திருகு, அத்தாவின் சாவிக்கொத்து, மாமாவின் ஒற்றைச் செருப்பு என்று நான் கண்டெடுத்துக் கொடுத்தவை ஏராளம். எட்டு வயதில் அதனால் எனக்கு ஏறியிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தத் தலைக்கனம்தான் என்னைப் பெற்ற அத்தாவை மலைக்கு ஏற்றி அனுப்பியது.

அத்தாவிடம் ஒரு பழைய பட்டாள லாரி இருந்தது. திண்டுக்கல்லிலிருந்து தோல் கட்டுகளையும் புகையிலையையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவார். வாடகை கிடைத்தால் வத்தலக்குண்டு வழியாக மலைக்கும் போவார். அப்படிப் போன ஒரு நாளில், மலைப்பாதையின் ஒரு வளைவில், இரண்டாம் கியர் தானாகக் கழன்றுகொண்டது. லாரி பாரத்தோடு பின்னால் உருண்டது. அந்தப் பாரத்தைப் பிரேக்கால் மட்டும் நிறுத்த முடியவில்லை. கிளீனர் கீழே குதித்துச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டதால் நின்றது. பின்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே ஒரு முழம்தான் மிச்சம் என்று கிளீனர் எங்கள் பேகம்பூர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அத்தா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கியர் பாக்ஸ் சரியில்லை என்று மட்டும் சொன்னார். அதோடு மலைப்பக்கம் போவதை நிறுத்திவிட்டார்.

அம்மாவின் தம்பியான என் மாமா மெக்கானிக். மச்சானுக்கு நேர்ந்ததைத் தன் தொழிலுக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். கியர் பாக்ஸைக் கழற்றி எங்கள் முற்றத்தில் சாக்கை விரித்து வைத்தார். ஏலத்தில் போன இன்னொரு பட்டாள லாரியிலிருந்து தடித்த பல்சக்கரங்களாகப் பார்த்து வாங்கி வந்தார். விரிசல் கண்டிருந்த கூட்டுக்கு இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தார். கியரைக் கழலவிடாமல் பிடிக்கும் ஸ்பிரிங்கையும் புதிதாகப் போட்டார். வீட்டில் சோறுகூட மண்ணெண்ணெய் வாசம் அடித்தது.

"மருமகளே, இனி மலையையே கட்டி இழுத்தாலும் இந்தக் கியரு கழலாது" என்று என்னிடம் பெருமையடித்துக்கொள்வார்.

இதற்கிடையில் மலைமேல் காப்பித் தோட்டத்து மேனேஜர் ஒருவர் வந்து சேர்ந்தார். தோட்டத்துக்கு ஒரு பெரிய டீசல் இன்ஜினை ஏற்றிப் போக வேண்டும். எங்கள் லாரி அதுவரை அவ்வளவு பாரம் சுமந்ததில்லை. சுற்றி நாலு பேர் நின்றார்கள். எல்லோரும் அத்தாவின் முகத்தையே பார்த்தார்கள். "கியரு பொட்டி கெட்டியாகட்டும், நானே ஏத்திட்டு வாரேன்" என்று அத்தா சொல்லிவிட்டார். உள்ளே அம்மா அடுப்பில் வைத்த பாலைப் பொங்கவிட்டாள்.

எல்லாம் முடிந்து ஒரே ஒரு பேரிங் மட்டும் பாக்கி நின்றது. மதுரைக் கடையில் சொல்லி வைத்திருந்தார்கள். தெரிந்த கண்டக்டர் மூலம் பஸ்ஸில் வரும் என்றார்கள். மாமா தினமும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். கண்டக்டரோ ஒரு வாரமாக லீவு. பாதி வேலையில் நின்ற கியர் பாக்ஸைச் சுற்றிச் சுற்றி வந்து மாமா நகத்தைக் கடித்தார். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அத்தா முற்றத்துப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

பத்தாம் நாள் மேனேஜர் மறுபடி வந்துவிட்டார். வாசல் அறையில் உட்கார்ந்து, இனிப் பொறுக்க முடியாது, வேறு லாரி பார்த்துக்கொள்கிறேன் என்றார். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னங்க செய்றது, பேரிங் வரலையே" என்றார் அத்தா.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. அன்று காலையில் அரிசி அளக்கப் பானைக்குள் கைவிட்டபோது, அடியில் எண்ணெய்க் காகிதம் சுற்றிய ஏதோ ஒன்று கனமாகத் தட்டுப்பட்டது. ஓடினேன். தோள்வரை கையை விட்டுத் துழாவி எடுத்தேன். காகிதத்தைப் பிரித்தால் புத்தம் புது பேரிங். அதை ஏந்திக்கொண்டு நேரே வாசல் அறைக்குள் போய், "அத்தா, கெடைச்சிருச்சு! அரிசிப் பானைல இருந்துச்சு!" என்று கத்தினேன்.

மாமா வாயைப் பிளந்தார். மேனேஜர் அத்தாவைப் பார்த்தார். அத்தாவின் முகம் வெளுத்துப்போய், பிறகு சிவந்தது. திரைக்குப் பின்னால் நின்ற அம்மாவைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"பானைல போட்டு வச்சுக்கிட்டு, வரலைன்னு என் வாயாலேயே சொல்ல வச்சிட்டியே!"

"மறந்துபோச்சுங்க" என்றாள் அம்மா.

மறுநாளே மாமா கியர் பெட்டியை மாட்டிவிட்டார். அடுத்த நாள் காலை, இன்ஜினை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் எந்த வண்டி வந்து நின்றாலும் கெட்ட சேதியோ என்று அம்மாவின் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அம்மா தொழுகைப் பாயைச் சுருட்டவே இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அத்தா முழுசாக வந்து இறங்கினார். கியர் ஒரு இடத்திலும் கழலவில்லை என்று கிளீனர் சொல்ல, மாமா தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் அதன் பிறகு அத்தா ஒருதரம்கூட மலை ஏறவில்லை. மலைக்குப் போகும் வழியில் உள்ள செம்பட்டியைத் தாண்டி வாடகை வந்தால் வேறு ஆளைக் கைகாட்டிவிடுவார்.

இதை நான் என் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பயந்துபோய் பேரிங்கை ஒளித்து வைத்த பாட்டியின் கதை என்றுதான் அதற்குப் பெயர். அம்மாவும் கூடவே உட்கார்ந்து சிரிப்பாள். அத்தா இறந்து வெகுகாலம் கழித்து, ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

"நான் எங்க ஒளிச்சேன்? கண்டக்டரு லீவுல போறதுக்கு முந்தியே அவுகதான் அவர்ட்ட வாங்கிட்டு வந்து எங் கைல குடுத்தாக. 'கொஞ்ச நாளைக்கு உள்ள வையி, ஒந் தம்பிக்குத் தெரிய வேணாம், என்னால அந்த வளைவுல மறுபடி போக முடியாது'ன்னு சொல்லி அழுதாக."

இன்ஜினோடு கிளம்பிய அந்தக் காலை கண்ணில் வந்து நின்றது. லாரியில் ஏறப்போன அத்தா திரும்பி வந்து, என் தலையில் கை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. நான் பேரிங்கைக் கண்டுபிடித்ததற்குத்தான் மெச்சுகிறார் என்று எண்ணிக்கொண்டு, தெருப் பிள்ளைகள் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.