புதுசாகவே இருந்த ஹேண்ட்பிரேக்

என் அக்காவை வாடிக்கையாளர்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'டேப் அக்கா' என்றால்தான் தெரியும். கழுத்தில் எப்போதும் அளவுநாடா தொங்கும். குளிக்கப் போகும்போது மட்டும் கழற்றுவாள் என்று மாமா கிண்டல் செய்வார். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, திரைச்சீலை தைத்து, அதை மாட்டியும் கொடுப்பதுதான் அவள் தொழில்.

அந்தத் தொழிலின் பாதி அவளுடைய பழைய காருக்குள் இருக்கும். மடக்கிய பின்சீட்டின் மேல் ஏணி, டிரில் பெட்டி, துணி மூட்டை. திரை மாட்டும் ராடுகள் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் தோளை உரசிக்கொண்டு கண்ணாடி வரை நீளும். அப்படி உரசல் பட்டு உட்கார்ந்திருப்பவர் மாமா, அக்காவின் கணவர்.

முன்பெல்லாம் ஏணியில் ஏறியது அவர்தான். பக்கவாதம் வந்துபோன பிறகு அவருடைய இடது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இப்போது அக்கா ஏறுகிறாள். மாமா அறைக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "வலது பக்கம் ஒரு நூல் அளவு தூக்கு... போதும், போதும்" என்பார். அவர் போதும் என்று சொல்லாமல் அக்கா ஸ்குரூவை இறுக்க மாட்டாள். ரசமட்டம் வைத்துப் பார்க்கிற வேலைக்கு எதற்கு ஒரு ஆள் என்று ஒருமுறை கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் மாமாவால் ஏற முடியாது. கார் இருந்தால் அவர் வேலைக்குப் போகிறார். இல்லையென்றால் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருப்பார். விஷயம் இவ்வளவுதான். எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியும், ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அந்தக் கார்தான் திடீரென்று மக்கர் செய்ய ஆரம்பித்தது. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தும், வண்டி மட்டும் நகராது. தீய்ந்த வாடை வேறு. கிளட்ச் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். அவர் சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைப்பதில் பாதிக்கு மேல்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வித்துத் தொலைக்கா! வேலை இருக்கற அன்னிக்கு ஒரு வேனை வாடகைக்குப் பிடி. சாமான் தூக்க ஆளும் சேர்ந்தே வருவான்."

"மாப்பிள்ளை சொல்றது சரிதான்" என்றார் மாமா. "வண்டிக்கும் வயசாச்சு. நான் வீட்டைப் பாத்துக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா "ம்" என்றாள். அவளுடைய "ம்" சம்மதம் அல்ல. அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன சங்கதி.

மறுநாளே அவள் எங்களை இழுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனாள். பட்டறை வாசலிலேயே, "மாத்திடுங்க தம்பி" என்றாள்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "மாத்திடலாம்க்கா. ஆனா போன தடவை மாத்தி இன்னும் ரெண்டு வருஷம்கூட ஆகலையே. இவ்வளவு சீக்கிரம் போகக் கூடாது. நீங்க ஓட்டறதை ஒரு தடவை பாத்துடறேன். வீடு வரைக்கும் வர்றேன், வாங்க."

மாமா முன்சீட்டில் உட்கார்ந்தார். நானும் மெக்கானிக்கும் பின்னால் ராடுகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டோம். அவர்கள் வீடு ஏற்றமான தெருவில் இருக்கிறது. முக்கி முனகி ஏறிய வண்டியை அக்கா வாசலில் நிறுத்தினாள். மாமாவை இறக்கிவிட்டு மேலே போய் நிறுத்துவதுதான் வழக்கம்.

மாமா கதவைத் திறந்தார். கைத்தடியை வெளியே ஊன்றினார். பேன்ட் துணியைப் பிடித்து இடது காலைத் தூக்கி வெளியே வைத்தார். அதுவரை வண்டி அந்தரத்தில் தொங்குவது போல ஏற்றத்தில் உறுமிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு நின்றது. அக்காவின் இடது கால் கிளட்ச்சில் பாதி, வலது கால் ஆக்சிலேட்டரில் பாதி. கண் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது. தீய்ந்த வாடை வந்துவிட்டது.

"ஐயோ அக்கா, ஹேண்ட்பிரேக் போடுங்க!" என்று மெக்கானிக் பதறினார்.

அக்கா போடவில்லை. மாமா இறங்கிக் கேட்டைப் பிடித்துக்கொள்கிற வரை அப்படியே நின்றுவிட்டு, அதன் பிறகுதான் வண்டியை மேலே எடுத்துப் போய் ஓரம் கட்டினாள். மெக்கானிக் முன்னால் எட்டி ஹேண்ட்பிரேக்கை இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். "இந்த வண்டியிலேயே புதுசா இருக்கறது இது ஒண்ணுதான்" என்றார். "ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் இப்படிக் கிளட்ச்சைப் பாதி மிதிச்சே நின்னா, தங்கத்துல கிளட்ச் பிளேட் போட்டாலும் தாங்காது. இந்தப் பழக்கத்தை விடறேன்னு சொல்லுங்க, நாளைக்கே மாத்தித் தர்றேன். இல்லேன்னா உங்க காசை வாங்க எனக்கு மனசு வரலைக்கா."

"அது என்னால முடியாது தம்பி" என்றாள் அக்கா.

மெக்கானிக் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். நான் விடவில்லை. தையல் அறைக்கே போய்ப் பிடித்தேன். வெட்டிய துணிகள் தரையெங்கும் கிடந்தன. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அவள் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிடிவாதம் இது? ஒரு கையை நீட்டிப் பிரேக்கை இழுக்க வலிக்குதா?"

"மெதுவாப் பேசு" என்றாள். பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பிறகு முதல் தடவை வேலைக்குக் கூட்டிட்டுப் போனேன். வாசல்ல நிறுத்தி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கரகரன்னு அந்தச் சத்தம் இருக்கே... அவர் என்னைத் திரும்பிப் பாத்தார். 'நேரமாகும்னு முடிவே பண்ணிட்டே போல'ன்னார். அப்படிச் சொல்லிட்டு அவசர அவசரமா இறங்கினார். கேட்டுல இடிச்சு விழுந்தார். அந்த வீட்டுக்காரங்கதான் வந்து தூக்கினாங்க."

"சரி, கால் பிரேக்காவது பிடிக்கலாம்ல?"

"பிடிச்சேன். கைத்தடியை எடுத்துக் கொடுக்கக் குனிஞ்சப்போ கால் நழுவிடுச்சு. வண்டி பின்னாடி போச்சு, அவரோட ஒரு கால் தரையில. என் உயிரே போயிடுச்சுடா. அதுலேர்ந்து இப்படித்தான். வண்டி கிளம்பத் தயாரா நிக்கற மாதிரி இருந்தா அவர் மெதுவாத்தான் இறங்கறார். நான் காத்திருக்கேன்னே அவருக்குத் தோணாது."

நியாயம் அவள் பக்கம் இருப்பது தெரிந்தால் எனக்குக் கோபம்தான் வரும். "அதுக்காக ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கிளட்ச்சைத் தீனியாப் போட முடியுமா?"

"முடியாதுதான். வித்துடலாம். நாளைக்கு ஒரு வீட்டுக்குத் திரை மாட்டிக் கொடுக்கணும், அது முடியட்டும்." சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. அவருடைய ரோஷத்தைக் காப்பாற்றப் போய் அவரையே வீட்டில் உட்கார வைக்கிறோமே என்று அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

அக்கா வீட்டைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். உள்அறைகளுக்குக் கதவு கிடையாது. இத்தனை துணி இருக்கும்போது கதவு எதற்கு என்று எல்லா வாசல் நிலையிலும் திரைச்சீலைதான் தொங்கவிட்டிருந்தாள். நாங்கள் பேசியபோது திரைக்கு அந்தப் பக்கம் ஹாலில் மாமா உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஏணி தூக்க நானும் போனேன். நாங்கள் போன தெரு அக்கா வீட்டுத் தெருவைவிடச் செங்குத்து. வண்டி ஏறுமா ஏறாதா என்று வேண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். வாசலில் அக்கா வழக்கம்போல நிறுத்தினாள். வழக்கம்போல இன்ஜின் உறுமியது. அவள் கண் ரோட்டுக்குப் போனது.

மாமா கதவைத் திறக்கவில்லை. வலது கையை நீட்டி, ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து, முழு பலத்தோடு இழுத்தார். அந்தக் கரகர சத்தம் வண்டி முழுக்கக் கேட்டது.

"காலை எடு" என்றார்.

அக்கா அசையவில்லை.

"ரெண்டு காலையும் எடு. இன்ஜினை அணை. நான் இறங்க நேரமாகும்."

அக்கா சாவியைத் திருப்பினாள். அத்தனை அமைதியாக ஓர் ஏற்றத்தில் அந்தக் கார் நின்று நான் பார்த்ததில்லை. மாமா கதவைத் திறந்தார், தடியை ஊன்றினார், பேன்ட்டைப் பிடித்துக் காலைத் தூக்கி வைத்தார். நேற்றைவிட மெதுவாகவே இறங்கினார், வேண்டுமென்றேதான் என்று நினைக்கிறேன். இறங்கி நின்றதும் ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"மாப்பிள்ளை, அந்த மெக்கானிக்குக்குப் போன் போடு. பிளேட்டை மாத்தச் சொல்லு. வண்டியை விக்கலை."

"சரி மாமா" என்றேன்.

மாமா தடியை ஊன்றி ஊன்றி நடந்து கேட்டுக்குப் போனார். இத்தனை நாள் அவர் இறங்கும்போதெல்லாம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, இந்த முறை உடம்பை முழுக்கத் திருப்பி, அவர் உள்ளே போகும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.