பூஜ்யம் சொல்லாத ஏழுமலை

முண்டியம்பாக்கம் மருத்துவமனையிலிருந்து ஏழுமலையின் மகள் போன் செய்தபோது, விவசாயிகளுக்குக் கொடுத்த விதைப் பொட்டலங்களின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "மேடம், அப்பா போயிட்டாரு மேடம். காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. இட்டுக்கினு வரசொல்லவே வழியில..." என்றாள்.

அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அவர் கேட்ட ஒரு கேள்விக்கு நான் உண்மையான பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். இனி அந்தக் கேள்வியோடு நான் தனியாக இருக்க வேண்டும்.

திண்டிவனத்துப் பக்கம் எங்கள் ஆராய்ச்சிப் பண்ணையில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குலை நோயைத் தாங்கும் கேப்பை ரகம் உருவாக்குவது எங்கள் வேலை. குலை நோய் ஒரு பூஞ்சணம். பனி இறங்கினால் இலையில் கண் வடிவத்தில் புள்ளி வைக்கும். கதிரின் கழுத்தைப் பிடித்தால் மணி பதராகிவிடும். நோயைத் தாங்கும் பயிரைக் கண்டுபிடிக்க நாங்கள் முதலில் நோயைத்தான் வளர்ப்போம். ஒவ்வொரு புது வரிசைக்கும் இரண்டு பக்கமும் சீக்கிரம் நோய் பிடிக்கும் ரகத்தை விதைப்போம். அதற்கு எங்கள் பண்ணையில் 'நோஞ்சான்' என்று பெயர். நோஞ்சான் கருகி, அதன் நோய் நடு வரிசை மேல் ஏற வேண்டும். அப்போதும் பச்சையாக நிற்கும் பயிர்தான் எங்களுக்கு வேண்டியது. பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை மதிப்பெண்; ஒன்பது என்றால் பயிர் போய்விட்டது. ஏழுமலை குத்தவைத்துப் பார்த்துச் சொல்வார், நான் எழுதுவேன். பதவியில் அவர் களப் பணியாளர், நான் விஞ்ஞானி. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். ஆனால் வயலில் அவர் கண்ணைத்தான் நான் நம்பினேன்.

அவர் ஒருநாளும் பூஜ்யம் என்று சொன்னதில்லை. ஒருமுறை மேலதிகாரி ஒருவர் வந்து, "இந்த வரிசைக்கு என்னய்யா மார்க்?" என்று கேட்டார்.

"இன்னிக்கு இல்லீங்க."

"நோய் இல்லன்னா ஜீரோதானே?"

"நாளைக்கு வந்து பாத்துட்டு சொல்றேங்க."

அதிகாரியின் முகம் போன போக்கைச் சொல்லிச் சொல்லி நாங்கள் பல மாதம் சிரித்தோம். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை.

போன பருவத்தில் மகள் கல்யாணத்துக்காக அவர் லீவில் போயிருந்த வாரம், மதிப்பெண் போடும் வேலையை நான் தனியாகச் செய்தேன். மூலையில் என்னுடைய வரிசை ஒன்று. பத்து வருடம் ஒட்டுச் சேர்த்துச் சேர்த்துக் கொண்டுவந்த பயிர் அது. புள்ளிகூட இல்லாமல் நின்றது. அதன் இரண்டு பக்கமும் புறா பொறுக்கியதில் நோஞ்சான் சரியாக முளைக்காமல் திட்டுத் திட்டாக வெறும் மண் கிடந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தும் சந்தோஷத்தில் பூஜ்யம் என்று எழுதினேன்.

திரும்பி வந்தவர் தாளைப் பார்த்ததும் கேட்டார்: "பக்கத்துல கருகிச்சா மேடம்?"

"எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பேஜார் பண்ணாதீங்க ஏழுமலை."

அவர் தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "தப்பிச்சிக்கினது வேற மேடம், தாங்கிக்கினது வேற. எனக்குப் பயமா இருக்கு" என்றார். நான் பேச்சை மாற்றினேன். கார்த்திகையில் அந்த விதையைப் பொட்டலம் கட்டி, கண்டாச்சிபுரத்துக்கும் வல்லத்துக்கும் அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

காரியம் முடிந்து நான் பண்ணைக்கு வந்த அன்று, தண்ணீர் பாய்ச்சும் அம்மா கேட்டார்: "ஏழுமலையண்ணன் மோட்டார் கொட்டாய்க்குப் பின்னால போட்ட பாத்திக்குத் தண்ணி உடலாமா மேடம்?"

எனக்கு அப்படியொரு பாத்தி இருப்பதே தெரியாது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மூன்றே வரிசை. ஓரங்களில் நோஞ்சான், ஓர் இடம்கூட விடாமல் நெருக்கமாக. நடுவில் ஒரு குச்சி, அதில் அவர் கையெழுத்தில் என் வரிசை எண். மேலே நோய் பிடித்த பழைய கேப்பைத் தாளை நறுக்கித் தூவியிருந்தார். நோஞ்சான் இரண்டு பக்கமும் கருகிப் போயிருந்தது. அவரைப் போலவே குத்தவைத்து உட்கார்ந்தேன். நடு வரிசையில் அடி இலையிலிருந்து நுனி வரை சாம்பல் நிறக் கண்கள்.

"ஏழு" என்று வாய்விட்டுச் சொன்னேன். எழுத ஆள் இல்லை. நானே எழுதிக்கொண்டேன்.

அன்றே மேலிடத்துக்கு என் தவறை எழுத்தில் கொடுத்துவிட்டு, பட்டியலில் இருந்த எல்லோருக்கும் போன் செய்தேன். பெரும்பாலோர் இன்னும் விதைக்கவில்லை, திருப்பிக் கொடுத்தார்கள். வல்லத்துக்குப் பக்கத்தில் அஞ்சலை என்ற பெண் மட்டும் நாற்று விட்டு நட்டே முடித்திருந்தார். மருந்தையும் எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"கால் காணிக்கு மேல போடாதம்மா, மீதியில உன் பழைய விதையே இருக்கட்டும்னு அவரு கறாரா சொல்லிட்டாரு மேடம். பொட்டலம் குடுக்கசொல்லவே அவரு மூஞ்சி சரியில்ல" என்றார் அஞ்சலை.

என் உத்தரவையும் மீறாமல், அந்தக் குடும்பத்தையும் கைவிடாமல், எனக்குத் தெரியாமல் அவர் செய்தது அது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். செய்தி வந்த அன்று வராத அழுகை அது.

ஏழுமலையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய பயம். என் சந்தோஷத்தைவிட அது பயிருக்கு நல்லது. வாரம் இரண்டு தடவை, பனி காய்வதற்குள் வல்லம் போய்விடுகிறேன். இன்று காலையும் போனேன். கால் காணியையும் சுற்றி, இலை இலையாகத் திருப்பிப் பார்த்தேன். கதிர் விட இன்னும் நாள் இருக்கிறது, பனியும் விடவில்லை.

அஞ்சலை வரப்பில் நின்றுகொண்டு கேட்டார்: "நோய் எதுனா இருக்கா மேடம்?"

"இன்னிக்கு இல்ல" என்றேன்.