மேனேஜரம்மாவின் மருந்துப் பட்டியல்

திண்டுக்கல்லில் பழனி ரோட்டை ஒட்டி நாற்பது கட்டில் போட்ட தர்ம ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அங்கே பதினெட்டு வருடம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்ற வீரலட்சுமியை 1983-ல் மேனேஜர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது.

சின்னாளபட்டியில் சேலை நெய்கிற குடும்பம். அண்ணன்மார் இருவரும் தறியில் உட்கார, இவள் மட்டும் மதுரைக்குப் போய் மருந்தாளுநர் படிப்பு முடித்து வந்தாள். மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய வருடம் அப்பா படுத்த படுக்கையானார். அவருக்குப் பின் அம்மா. இருவரையும் பார்த்து அனுப்பி முடித்தபோது கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. நாகல் நகரில் ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் வாடகைக்கு இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டின் அமைதி தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்து ஸ்டோர் ரூமில் மருந்துப் பெட்டிகளை மாற்றி அடுக்கிக்கொண்டிருப்பாள். கேட்டால், தூசி அடைகிறது என்பாள்.

பொறுப்பேற்ற முதல் வருடமே அவளுக்குத் தலைவலி தொடங்கியது. எக்ஸ்ரே பிலிம், குளுக்கோஸ் பாட்டில், பஞ்சு என்று எதை எடுத்தாலும் விலை ஏறிக்கொண்டே போனது. நன்கொடை கொடுத்தவர்கள் கொடுத்த தொகையையே கொடுத்தார்கள். மழை பொய்த்த வருடத்தில் அதுவும் குறைந்தது. கமிட்டிச் செயலாளர் தண்டாயுதபாணி இரும்புக்கடை வைத்திருந்தவர். நல்ல மனிதர், ஆனால் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"இப்படியே போனா அடுத்த தைக்கு ஆஸ்பத்திரியப் பூட்டணும்மா. நீயே ஒரு வழி சொல்லு" என்றார்.

வீரலட்சுமி ஒரு வாரம் கணக்குப் பார்த்து வழி சொன்னாள். ஒரு ரூபாயாக இருந்த வெளிநோயாளிச் சீட்டை ஐந்து ரூபாய் ஆக்கலாம். இலவச மாத்திரைக்கும் பாதி விலை வாங்கலாம். உத்தரவை அவளே எழுதி, அவளே கையெழுத்திட்டு, சீட்டுக் கொடுக்கும் இடத்தில் ஒட்டச் செய்தாள். மூன்று மாதத்தில் வரவு கூடியது. கமிட்டிக் கூட்டத்தில் அவளைப் பாராட்டிப் பேசினார்கள். அன்று வீடு திரும்பும் வழியில் அல்வா வாங்கினாள். பாதி சாப்பிட்டாள். மீதியை யாருக்குக் கொடுப்பதென்று தெரியாமல் மூடி வைத்தாள்.

சித்திரை மாதம் மருந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் நோயாளிகளின் அட்டைகள் இருந்த பெட்டியைத் தற்செயலாகப் புரட்டினாள். வலிப்பு, நெஞ்சுவலி, சர்க்கரை என்று மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை உண்டு. அவளே தொடங்கிய பழக்கம். பல அட்டைகளில் தை மாதத்தோடு எழுத்து நின்றிருந்தது. அதில் ஒன்று கருப்பம்மாளுடையது. சாணார்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பூ எடுக்கும் பெண். ஒன்பது வருடமாக வலிப்பு மாத்திரை வாங்குபவள். ஒரு மாதமும் தவறியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீரலட்சுமி ஸ்டோர் ரூமுக்குப் போகவில்லை. சாணார்பட்டி பஸ் ஏறினாள். இறங்கி இரண்டு மைல் நடந்தாள்.

கருப்பம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள். இடது கை பூவை எடுத்து வைத்தது. வலது கையில் பழைய துணி சுற்றியிருந்தது. நாரைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"ஏன் கருப்பம்மா, மூணு மாசமா மாத்திரைக்கு வரல?"

"வந்தேம்மா. சீட்டு அஞ்சு ரூவான்னாக. பஸ்ஸுக்கு வச்சிருந்ததச் சேத்தாலும் பத்தல. திரும்பி வந்துட்டேன்."

"அப்புறம் என்ன செஞ்ச?"

"வீட்டுல கெடந்த மாத்திரைய ரெண்டா ஒடச்சு, ஒருநா விட்டு ஒருநா தின்னேன். அதுவும் தீந்து போச்சு. பங்குனியில ஒருநா கஞ்சி காச்சயில வந்துருச்சு. கை அடுப்புக்குள்ள கெடந்திருக்கு. எம்புட்டு நேரம்னு எனக்குத் தெரியலம்மா."

துணியை அவிழ்த்துக் காட்டினாள். மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளைந்திருந்தன.

"காசு இல்லன்னு அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்டம்மா சொல்றது? சீட்டுக் குடுக்குறவரு போர்டக் காட்டுனாரு. எனக்கு எழுத்துத் தெரியாது, என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். மேனேஜர் போட்ட ஆர்டருன்னாரு."



"அந்த மேனேஜர் நான்தான்" என்றாள் வீரலட்சுமி.

கருப்பம்மாள் துணியை மறுபடி சுற்றிக்கொண்டாள். கோபம் எதுவும் முகத்தில் தெரியவில்லை. "செத்த நேரம் இருங்கம்மா, காப்பித்தண்ணி வச்சுத் தாரேன்" என்று எழுந்தாள். அந்தக் கையோடு அவள் அடுப்படிக்குப் போவதைப் பார்க்க முடியாமல் வீரலட்சுமி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி, கொண்டுபோயிருந்த இரண்டு மாத மாத்திரையை அவள் மடியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் காத்திருந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் ஐந்து ரூபாய் உத்தரவில் தான் எழுதிய ஒவ்வொரு வரியும் மனப்பாடமாக நினைவுக்கு வந்தது.

கமிட்டிக் கூட்டத்தில் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "தொடர்ந்து மாத்திரை சாப்பிடுறவங்களுக்குப் பழையபடி ஒரு ரூபாயே போதும். மாத்திரைக்குக் காசு வேண்டாம்."

"சரிம்மா. பணம் எங்கிருந்து வரும்?" என்றார் தண்டாயுதபாணி.

"நோயாளிகிட்ட வாங்காம, நம்ம செலவுல பிடிக்கிறேன். ஆறு மாசம் கொடுங்க."

"ஆறு மாசம். அதுக்கு மேல என்னால மத்தவங்களச் சமாளிக்க முடியாது."

மறுநாளே ஸ்டோர் ரூமில் பட்டியல் எடுக்க உட்கார்ந்தாள். மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் மருந்துகள். ஒரே மருந்து ஐந்து கம்பெனிப் பெயரில் ஐந்து விலையில் கிடந்தது. எந்தக் கம்பெனி ஆள் கடைசியாக வந்துவிட்டுப் போனாரோ அந்தப் பெயர் டாக்டர்கள் எழுதிய அந்த மாதச் சீட்டுகளில் கூடுதலாக இருந்தது. வருடத்துக்கு ஒரு பெட்டி நிறைய மருந்து காலாவதியாகிக் குப்பைக்குப் போனது. நோய்க்கு வேண்டிய மருந்து எண்பத்தைந்துதான் என்று கணக்கிட்டு, அவற்றைக் கம்பெனிப் பெயரில்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில் மொத்தமாக வாங்குவது என்று எழுதிக்கொண்டு பெரிய டாக்டர் முத்துச்சாமியின் அறைக்குப் போனாள்.

முத்துச்சாமியும் அவளும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். தினமும் நாலு மணிக்கு நர்சுகள் அறையில் எல்லோரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். அவள் டம்ளருக்குச் சர்க்கரை போடக்கூடாது என்பதை டீ மாஸ்டருக்கு நினைவுபடுத்துவது எப்போதும் அவர்தான்.

அவர் பட்டியலைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, என் பேனா என்ன எழுதணும்னு இனிமே ஸ்டோர் ரூம்தான் சொல்லுமா?"

"அப்படி இல்ல சார். நீங்க பாத்து மாத்துங்க. எதச் சேக்கணுமோ சேருங்க."

"மலிவு மருந்துல பாதி சுண்ணாம்பா இருந்தா யார் பதில் சொல்றது? நோயாளி என்னத்தான கேப்பான்?"

அது நியாயமான கேள்வி. அவளும் அப்படித்தான் நினைத்தாள். வாங்கும் மருந்தில் மாதிரி எடுத்து மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம் என்றாள். அவர் அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிட்டார். பட்டியலில் கையெழுத்துப் போடவில்லை. கமிட்டியின் அனுமதியோடு அவள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தாள்.

மருந்துக் கம்பெனி ஆட்கள் வருவது நின்றது. காலண்டர், பேனா, மாதிரி மாத்திரை எல்லாம் நின்றன. இளம் டாக்டர் ஒருவர் வேலையை விட்டு மதுரைக்குப் போனார். இருமலோடு வந்தவர்களுக்கெல்லாம் எக்ஸ்ரே எடுக்க வேண்டாம், முதலில் சளியைப் பார்க்கலாம் என்று அவள் சொன்னதும் எக்ஸ்ரே அறையில் இருந்தவர் வணக்கம் சொல்வதை விட்டார். நாலு மணிக்கு நர்சுகள் அறைக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. யாரும் எழுந்து போகவில்லை, யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. டம்ளரைப் பார்த்தபடி குடித்தார்கள். ஒரு வாரம் பார்த்தாள். பிறகு டீயைத் தன் அறைக்கே கொண்டுவரச் சொன்னாள். மாஸ்டர் சர்க்கரை போட்டு அனுப்பினார். அவள் அதையே குடித்தாள்.

தீபாவளிக்குச் சின்னாளபட்டி போனபோது அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டுவிட்டு, "உனக்கு எதுக்கு இந்த வம்பு? இருக்கிற வேலையப் பாத்துட்டு இரு" என்றார். மத்தியானம் சாப்பிட்டு ஊர் திரும்பினாள்.

ஆறு மாத முடிவில் மருந்துச் செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தண்டாயுதபாணி கணக்கை இரண்டு முறை பார்த்தார். "நல்லது" என்றார். இன்னொரு ஆறு மாதம் கிடைத்தது.

அடுத்து குளுக்கோஸ் பாட்டில். வயிற்றுப்போக்குக் காலத்தில் அதற்கே பெரும் பணம் போனது. பாட்டிலைச் சொந்தமாகத் தயாரிக்கும் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போய் நாலு நாள் தங்கிக் கற்றுக்கொண்டு வந்தாள். திண்டுக்கல் தனி மாவட்டமான 1985-ல் பின்கட்டில் ஒரு அறையை வெள்ளையடித்து, தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியை வைத்து வேலையைத் தொடங்கினாள். பாட்டில் கழுவ நர்ஸ் ஆனந்தமேரி வந்தாள். வேறு யாரும் வரவில்லை. வடித்த தண்ணீரை நாலு மணி நேரத்துக்குள் பாட்டிலில் அடைத்து வேகவைத்துவிட வேண்டும் என்பது விதி. வைத்திருந்த தண்ணீரில் கிருமி பெருகினால், வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது. முதல் எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை.

மறு வருடக் கோடையில் ஊரில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறை வந்தது. ஆஸ்பத்திரிக் கிணறும் வற்றியது. வார்டில் வயிற்றுப்போக்கு நோயாளிகள் நிறைந்து கிடந்தார்கள். முந்தின நாள் வடித்து மூடி வைத்திருந்த ஒரு ஜாடித் தண்ணீர் இருந்தது.

"இதையும் சேத்துக்கலாமாக்கா?" என்று ஆனந்தமேரி கேட்டாள்.

வீரலட்சுமி யோசித்தாள். "சேத்துக்க" என்றாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு, வேடசந்தூர் மில்லில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்தத் தண்ணீரில் தயாரான பாட்டில் ஏறத் தொடங்கிய அரை மணியில் உடம்பு தூக்கிப் போட்டது. பல் கிட்டிக் குளிர் நடுக்கம். முத்துச்சாமி ஓடிவந்து ஊசியைப் பிடுங்கி, வேறு மருந்து கொடுத்து, கம்பளி போர்த்திக் கட்டிலை விட்டு அகலாமல் நின்றார். சாயங்காலம்தான் நடுக்கம் முழுதாக விட்டது. அந்த ஆள் பிழைத்துக்கொண்டார்.

முத்துச்சாமி நேராக அவள் அறைக்கு வந்தார்.

"நான் கமிட்டிக்கு எழுதப் போறேன்."

"நான் எழுதிட்டேன் சார்." அவள் காகிதத்தை நீட்டினாள். பழைய தண்ணீர் சேர்க்கப்பட்டது, விதி தெரிந்தே மீறப்பட்டது, சேர்க்கச் சொன்னது நான் என்று எழுதியிருந்தது. ஆனந்தமேரி பெயர் அதில் இல்லை. மீதமிருந்த பாட்டில்களை எல்லாம் வெளியே எடுத்து உடைக்கச் சொல்லியிருந்தாள். அந்தச் சத்தம் ஜன்னல் வழியே கேட்டுக்கொண்டிருந்தது.

முத்துச்சாமி நின்றபடியே படித்தார். காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

கமிட்டி அவளை விசாரித்தது. வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். தண்டாயுதபாணி அதை ஒப்புக்கொள்ளவில்லை. எச்சரிக்கை கொடுத்து, ஐந்து வாரம் தயாரிப்பை நிறுத்தி வைத்தார்கள். அந்த ஐந்து வாரமும் ஆஸ்பத்திரியில் ஒருவரும் அவளிடம் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனந்தமேரிகூடத் தலையைக் குனிந்துகொண்டே கடந்து போனாள். நடுக்கம் கண்ட அந்த மில் ஆள் வீட்டுக்குப் போகும்வரை வீரலட்சுமி தினமும் அவர் கட்டிலருகில் போய் நின்றாள். தான்தான் காரணம் என்று அவரிடமும் சொன்னாள். அவர் புரியாமல், "நல்லாத்தான் இருக்கேன் தாயி, சும்மா கலங்காதீக" என்றார். அதுதான் அந்த மாதத்தில் அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

மறுபடி தொடங்கியபோது விதி கடுமையானது. தண்ணீர் வராத நாளில் தயாரிப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு பாட்டில் சோதனைக்கு மதுரை போகும்; பதில் வந்த பிறகுதான் வார்டுக்குப் போகும்.

தயாரிப்பு தொடங்கிய வாரம், காலையில் அவள் வந்தபோது மேஜை மேல் அந்தப் பழைய மருந்துப் பட்டியல் கிடந்தது. மூன்று மருந்தை அடித்து, ஐந்து மருந்தைச் சேர்த்து, கீழே முத்துச்சாமி கையெழுத்துப் போட்டிருந்தார். எல்லா டாக்டர்களும் இதன்படியே எழுத வேண்டும் என்று ஒரு வரியும் இருந்தது. அவள் நன்றி சொல்லப் போனாள். அவர் நோயாளியின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து தலையசைத்தார். அவ்வளவுதான். பழைய சிநேகம் திரும்பவில்லை.

ஆஸ்பத்திரி பூட்டப்படவில்லை. ஒரு ரூபாய்ச் சீட்டு நிலைத்தது. அட்டைப் பெட்டி ஒன்று இரண்டாயிற்று. கருப்பம்மாளுக்கு வலிப்பு மறுபடி வரவில்லை. விரல்கள் மட்டும் நேராகவில்லை. மாதத்துக்கு ஒருநாள் வந்து, வரிசையில் நின்று, மாத்திரை வாங்கிக்கொண்டு, பூச்சந்தைக்கு நேரமாகிறது என்று ஓடிவிடுவாள்.

1988-ல் ஆயக்குடிப் பக்கம் ஒரு சிறு ஆஸ்பத்திரியை நடத்தும் கண்ணுசாமி என்பவர் இதையெல்லாம் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தார். ஸ்டோர் ரூம், பின்கட்டு, அட்டைப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, எங்க ஊர்லயும் செலவு தாங்க முடியலீங்க. நீங்க எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?" என்றார்.

வீரலட்சுமி சொல்லத் தொடங்கினாள். ஐந்து ரூபாய் உத்தரவைச் சொன்னாள், கருப்பம்மாள் கையைச் சொன்னாள், சுண்ணாம்புக் கேள்வியைச் சொன்னாள், ஜாடித் தண்ணீரைச் சொன்னாள். அவர் நோட்டில் எழுதுவதை நிறுத்தி வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கான மூன்று மணி பஸ் போய்விட்டது. ஐந்து மணி பஸ்ஸும் போகிற நேரம். அவரே தயங்கித் தயங்கிக் கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

"மன்னிச்சுக்குங்க. ரொம்பப் பேசிட்டேன்."

"அதனால என்னங்க. நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்று எழுந்தார்.

வாசல்வரை போய் வழியனுப்பினாள். ரிக்‌ஷா திரும்பும்வரை நின்றாள். தொண்டை வறண்டு குரல் கம்மியிருந்தது. உள்ளே வந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுநாள் மதுரைக்குப் போக வேண்டிய இரண்டு பாட்டில்களுக்கும் சீட்டு எழுதி ஒட்டினாள்.