கிணற்றைக் கேட்டு வாங்கியவள்

எங்கள் தராவாத் தீவில் சொந்தக்காரர் வந்து "புபுசி" என்று சொல்லி எதைக் கேட்டாலும் கொடுத்தே ஆகவேண்டும். இல்லை என்றால் அந்த வெட்கம் சாகும்வரை போகாது. தண்ணீர் ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி பனேயாவா அப்படிக் கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்தவள். சைக்கிள் போனது, தையல் மெஷின் போனது. போன மாதம் காலில் கிடந்த செருப்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வேலைக்கு வந்தாள். எனக்குத்தான் எரிச்சல். அவளுக்கு எரிச்சல்படவும் தெம்பில்லை.

கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்ப்பது அவள் வேலை. வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். தண்ணீரில் தனியாகத் திரியும் குளோரைடு அயனிகளை வெள்ளி பிடித்துக்கொண்டு வெள்ளை மாவாக அடியில் இறங்கும்.

"இந்த உப்பும் நம்ம கதைதான்" என்றாள் ஒருநாள், சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே. "குளோரின் வந்து ஒரு எலக்ட்ரான் கேக்குது, சோடியம் கொடுத்துடுது. வாங்கினவனுக்குப் பேரே மாறிடுது, குளோரைடாம். கொடுத்தவன் அதே சோடியம்தான். ஒண்ணு குறைஞ்சது பேர்லகூடத் தெரியாது. அப்புறம் உப்புக்கல்லுல ரெண்டும் ஒட்டிக்குது. கொடுத்தவன் தப்பிச்சும் போக முடியாது."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பெரிய அலை வந்து தெமாய்க்கு ஊர்ப் பக்கம் வீடுகளுக்குள் கடல் புகுந்த வாரம், அவள் கணவனின் மாமா தபேராவின் கிணற்றுத் தண்ணீர் மேசைக்கு வந்தது. நாற்பது பேர் குடிக்கிற கிணறு. சொட்டு விட விட வெள்ளை மாவு இறங்குவது நிற்கவே இல்லை, அவ்வளவு கடலுப்பு. மூன்று தடவை பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டில் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எழுதேன்" என்றேன்.

"கிணத்தை மூடினா கவர்மெண்டுல நிலத்தை விட்டே போகச் சொல்வாங்கன்னு மாமாவுக்குப் பயம். ஞாயித்துக்கிழமை மனேயாபாவுல எல்லார் முன்னாடியும் கேப்பாரு, நல்ல தண்ணின்னு எழுதிக் குடுன்னு. கேட்டுட்டா நான் எழுதணும். கைக்குழந்தைங்க ரெண்டுக்கு ஏற்கெனவே வயிறு சரியில்ல."

ஞாயிறன்று ஊர்க்கூடமான மனேயாபாவில் நானும் இருந்தேன். சாப்பாடு முடிந்ததும் தபேரா தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் பனேயாவா எழுந்துவிட்டாள்.

"மாமா, புபுசி. உங்க கிணறு எனக்கு வேணும்."

"கிணறா? அடியே, வேற ஏதாவது கேளு. பன்னி வேணும்னா ஓட்டிட்டுப் போ."

"பன்னி வேணாம் மாமா. கிணறு."

இருபது வருடத்தில் அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கிழவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துக்கோ" என்றார்.

கிணறு இப்போது அவளுடையது; அதற்கு நல்ல தண்ணீர் என்று எழுதித் தரச்சொல்லி இனி மாமா கேட்க முடியாது. மறுநாள் காலை உள்ள கணக்கை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் கிணற்றின் மேல் தகரத்தை வைத்து ஆணி அடித்தாள். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

"ஒருவழியா நீயும் ஒண்ணு வாங்கிட்ட!" என்றேன்.

அவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தாள். வீடு வீடாக வாளியோடு வந்துகொண்டிருந்தார்கள். கிணற்றுக்காரிதானே இனித் தண்ணீர் தரவேண்டும்? முன்னால் தபேரா. அவர் முகத்தில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. நா வறண்டிருந்தது.

"புபுசி, பனேயாவா. ஒரு வாளி தண்ணி."

அவள் வாளியை வாங்கிக்கொண்டு, இரண்டு மைல் தள்ளியிருக்கும் குழாயடிக்கு நடக்க ஆரம்பித்தாள்.