போனில் சொல்லும் முதல் பேர்

காசிமேட்டில் பிறந்தவள்தான், ஆனால் மங்கைக்கு மீன் கூடை தூக்கப் பிடிக்கவில்லை. மிக்சி கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். மோட்டாரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி விம்கோ நகர் வந்ததும் வீட்டு வாசலிலேயே ரிப்பேர் கடை போட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து நாலில் எத்திராஜ் ஒரு போன் சர்வீஸ் தொடங்கினான். எந்த ரிப்பேருக்கும் அவன் நம்பருக்கு அடித்தால் போதும். ஒரு பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, பக்கத்திலிருக்கும் கடையின் பேரைச் சொல்லுவாள். விம்கோ நகர் என்றால் முதலில் மங்கை பேர். ஊரே அதற்குப் பழகிப்போனது.

அப்புறம் எத்திராஜே கொருக்குப்பேட்டையில் மிக்சி ரிப்பேர் கடை திறந்தான். அதோடு மங்கை கடைக்கு ஆள் வருவது நின்றது. சந்தேகப்பட்டு அவளே குரலை மாற்றிக்கொண்டு போன் செய்தாள்.

“விம்கோ நகரா? கொருக்குப்பேட்டை எத்திராஜ் சர்வீஸ், எழுதிக்கோங்க.”

“இங்கியே மங்கைனு ஒருத்தி கீறாளே?”

“அவங்க பேரு கடைசில வருது மேடம்.”

ஜெராக்ஸ் கடை கமால் பாய் தினம் பேப்பர் படிக்கிறவர். “இப்புடி அடுத்தவங்க யாவாரத்த அமுக்கறதத் தடுக்கவே டெல்லில புதுச் சட்டம் போட்டுகிறாங்கம்மா. ஆபீசுதான் இன்னும் வேலைய ஆரம்பிக்கல.”

“அது ஆரம்பிக்கறதுக்குள்ள என் கடைய இழுத்து மூடிடுவேன் பாய்.”

தீபாவளி நெருங்கும்போது எத்திராஜ் ஆட்டோவில் வந்து இறங்கினான். ஆட்டோ நிறைய மிக்சி. வேலை குவிந்ததில் அவன் மெக்கானிக் ஓடிவிட்டான்.

“யக்கா, நீதான் காப்பாத்தணும். பொம்பளைங்க கடை வாசல்ல நின்னு திட்டிகினு கீறாங்க.”

மங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை.

“உங்கப்பாரு காசிமேட்டுல ஏலம் வுட்டவருதானே நைனா? என்னிக்காவது அவரே மீனை ஏலம் கேட்டாரா?”

“கேட்டா கடல்ல தூக்கிப் போட்ருப்பாங்க.”

“அப்ப நீ மட்டும் இன்னா?”

“நான் கடையே வெக்கக் கூடாதா?”

“நல்லா வெச்சிக்கோ. என் பேரு மேல ஏறி ஒக்காராதே. யாரு பக்கத்துல கீறாங்களோ அவங்க பேரு முதல்ல. இப்பவே போன் போட்டுச் சொல்லு, அப்புறம் மிக்சிய எறக்கு.”

எத்திராஜ் தன் போன் சர்வீஸ் பெண்ணிடம் பேசினான். மங்கை அதை நம்பிவிடவில்லை. கமால் பாயை அந்த நம்பருக்கு அடிக்கச் சொன்னாள். அவள் பேர் முதலில் வந்த பிறகுதான் ஆட்டோவுக்கு வழிவிட்டாள்.

மறுநாள் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருத்தி மங்கைக்கே போன் செய்தாள்.

“உனக்கு எத்திராஜ் கடைதாம்மா பக்கம். அங்க குடு.”

“அவன் சரியா பண்ணுவானாக்கா?”

“பண்ணுவான். முடியாங்காட்டி இங்கதான் எடுத்துகினு வருவான்.”