என் காலுக்குப் பதிலாக

வயிற்று வலி எனக்கு எந்த வயதில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தபோது நான் சிறுமி, அப்போதே இருந்தது. வெறும் வயிற்றில் சுருட்டிப் பிடிக்கும். குனிந்து உட்கார்ந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் விடும். வளர வளர உடம்பு வெளுத்தது. நகம், நாக்கு, கண்ணின் உள்பக்கம் எல்லாம் வடித்த கஞ்சி நிறம். பெண் பார்க்க வந்தவர்கள் நல்ல சிவப்பு என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஆலங்குடிப் பக்கம் எங்களுக்குக் கடலைக் கொல்லை. மழை ஈரத்தில் வெறுங்காலோடு களை எடுப்போம், கடலை பறிப்போம். காலையில் ஒதுங்குவதும் கொல்லையை ஒட்டிய முந்திரிக் காட்டில்தான். கால்விரல் இடுக்கில் அரித்தால் சேற்றுப்புண் என்று வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டு மறுநாளும் அதே ஈரத்தில் இறங்குவோம்.

என் வலிக்கு ஊரே காரணம் கண்டுபிடித்தது. சூடு என்றார்கள். குடலேற்றம் என்று ஒருத்தி எண்ணெய் தடவி வயிற்றை உருவிவிட்டாள். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று சொல்லி, அதை எடுக்கிறவரிடம் என்னைப் பெற்ற ஆத்தா கூட்டிப்போனாள். அவர் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக ஓர் உருண்டையைத் துப்பிக் காட்டினார். அன்றைக்கு ஆத்தா நிம்மதியாகச் சாப்பிட்டாள். என் வலி அப்படியே இருந்தது.

வெளியே சொல்லக்கூடாத பழக்கம் ஒன்றும் எனக்கு இருந்தது. மழை விழுந்த மண்ணின் வாசம் பட்டால் நாக்கு ஊறும். அடுப்புக் கட்டியைச் சுரண்டித் தின்பேன். மண் தின்றுதான் ரத்தம் சுண்டிப்போனது என்று ஆத்தா திட்டாத நாளில்லை. நானும் அப்படித்தான் நம்பினேன்.

புதுக்கோட்டையில் பஸ் கண்டக்டராக இருந்தவருக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். திருக்கோகர்ணத்தில் வீடு. கல்யாணமான புதிதில் அவர் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கித் தந்தார். எங்கள் ஊர்ப் பெண்களில் செருப்புப் போட்டவள் அப்போது நான் ஒருத்திதான். கடலை பறிப்புக்குத் தாய்வீடு போகும்போது, எல்லாரும் பார்க்க வேண்டுமென்றே காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பேன். கொல்லையில் இறங்கும்போது மட்டும் கழற்றி வரப்பில் வைத்துவிடுவேன், அழுக்காகிவிடுமே என்று.

முதல் பிள்ளை தங்கவில்லை. குறைமாதத்தில் போய்விட்டது. அதைக் கையில் வாங்கிய ஆத்தா நேரே மாரியம்மன் கோயிலில் போய் விழுந்தாள். மகளுக்கு வலி தீர்ந்து ஒரு பிள்ளை தங்கட்டும், அவள் ஆயுசுக்கும் காலில் செருப்பு ஏற்ற மாட்டாள் என்று வேண்டிக்கொண்டாள். பிரியமான எதையாவது விட்டுக்கொடுத்தால்தான் சாமி இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கழற்றிவிட்டேன். எனக்கும் பிள்ளை வேண்டுமே.

பிறகு ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு மயங்கி விழுந்தேன். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஆத்தாவும் வந்தாள். டாக்டரம்மா என்னென்னவோ கேட்டார். சாப்பிட்டபின் எரிகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, தீட்டு அதிகமா. வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், புழுவாக இருக்கலாம், சோதிக்காமல் சொல்ல முடியாது என்றார். மலத்தை ஒரு தீப்பெட்டியில் எடுத்துவரச் சொன்னார். மறுநாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனவரிடம், பஸ்ஸில் ஒருவர் பீடிக்கு நெருப்புக் கேட்டாராம்.

கொக்கிப்புழு என்று தெரிந்தது. மண்ணிலிருந்து வெறுங்கால் வழியாக ஏறிக் குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்குமாம். மண் தின்றதால் ரத்தம் குறையவில்லை, ரத்தம் குறைந்ததால்தான் உடம்பு மண்ணைக் கேட்கிறது என்றார் டாக்டரம்மா. அங்கேயே அழுதுவிட்டேன். அத்தனை வருஷத் திட்டும் ஒரு வார்த்தையில் கழன்றது. இனிமேல் செருப்பில்லாமல் மண்ணில் இறங்கக் கூடாது, மறுபடி புழு ஏறினால் அடுத்த பிரசவத்தில் பிழைப்பது கஷ்டம் என்று கண்டிப்பாகச் சொன்னார். பிறகு ஆத்தாவின் கண் இமையை இழுத்துப் பார்த்து, உங்களுக்கும் இதேதான், நீங்களும் மருந்து சாப்பிட்டுச் செருப்புப் போடுங்கள் என்றார்.

ஆத்தா எங்களோடு வீட்டுக்கு வரவில்லை. தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு ஊருக்குப் போனாள். அடுத்த வாரம் வந்து சொன்னாள்:

"சாமிக்குக் குடுத்த வாக்கைத் திருப்பி வாங்க முடியாதுடி. ஒங் காலுக்குப் பதிலா எங் காலுன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீ செருப்பைப் போட்டுக்க."

"டாக்டரம்மா சொன்னது ஒங்களுக்கும்தாங்க அத்தை" என்றார் அவர்.

"நான் என்ன, இனிமேயா பிள்ள பெறப் போறேன்?"

மருந்தும் இரும்பு மாத்திரையும் தின்று நான் தேறினேன். மண் ஆசை போனது, வலி போனது. மறு வருஷம் ஒரு பெண் பிள்ளை பிறந்து தங்கினாள். ஆத்தாவும் மருந்து சாப்பிட்டாள், கொஞ்சம் முகம் தெளிந்தாள். ஆனால் மழை பெய்ததும் அதே கொல்லையில் வெறுங்காலோடு இறங்கினாள். நான் செருப்பு வாங்கிக்கொண்டு போனேன். துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள். நான் போட்டால் உன் பிள்ளைக்கு ஆகாது என்றாள். சண்டை போட்டேன், அழுதேன், பேசாமல் இருந்து பார்த்தேன். மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மருந்தைத் தின்பாள், மண்ணில் இறங்குவாள். கடைசியில் முகமும் காலும் வீங்கி, நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. என் மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் ஆத்தா போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு என்னென்ன வேண்டும் என்று சடங்கு செய்கிறவர் சொன்னார். குடை ஒன்று, செருப்பு ஒரு ஜோடி தானம் கொடுக்க வேண்டும், போகிற வழியில் அந்த அம்மாவுக்குக் கால் சுடக் கூடாது என்றார். ஆம்பளைகள் யாராவது வாங்கி வரட்டும் என்றார்கள். நான் விடவில்லை. ஆலங்குடிக் கடைத்தெருவுக்கு நானே போனேன், நல்ல தோலாகப் பார்த்து வாங்கினேன். இந்தத் தடவை வேண்டாமென்று சொல்ல ஆத்தா இல்லை.