கருங்கல்லுக்கு மேல் காப்பட்

நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனது. எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு சோடி இறப்பர்ச் செருப்பு இருக்கிறது. குதிப்பக்கம் கடதாசி போலத் தேய்ந்தது. கணவரின் அக்காவான என் மச்சாளுடையது.

வெள்ளவத்தையில் வளர்ந்த எனக்கு ரோட்டு என்றால் ரோட்டு, ஓரம் என்றால் பேவ்மென்ட். கலியாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது, சீனி வருத்தத்தால் மச்சாளுக்குக் கண் முழுவதும் போயிருந்தது. ஆனாலும் காலைப் பூசைக்குத் தனியாகவே மாதா கோயிலுக்குப் போய்வந்தார். தடித்த செருப்பு வாங்கிக் கொடுத்தேன். "இதைப் போட்டாத்தான் பிள்ளை நான் குருடி" என்று திருப்பித் தந்துவிட்டார்.

அவர் காலுக்குக் கோயில் வாசல் சிமெந்து. அடுத்தது, சல்லிக்கல் துருத்தும் 'முள்ளுத்தார்'. பஸ் நிற்குமிடம் 'வழுக்கல்தார்'. பிறகு சாமான் கிட்டங்கியின் முன்னால் பழைய கருங்கல். அது முடிகிற இடத்தில் இடப்பக்கம் எங்கள் ஒழுங்கை, சரளைக் கிறவல். யாழ்ப்பாணத்து அப்பாவைக் கேட்டு வளர்ந்த நான் அதை மக்கி என்பேன். "மக்கி வெள்ளை, கிறவல் சிவப்பு எண்டு தம்பி சொல்லுறான். நிறம் எனக்கெதுக்கு? ரெண்டும் காலைக் கடிக்கும்தானே" என்று சிரிப்பார்.

ஒருநாள் ஓட்டோ ஒன்று அவரை உரசிவிட்டுப் போனது. "இனி வீட்டிலயிருந்து செபம் சொல்லுங்கோ அக்கா" என்றார் என் கணவர். மச்சாள் சாப்பாட்டைத் தொடவில்லை. கடைசியில் கணவர் இறங்கிவந்தார்.

"ஞாயிற்றுக்கிழமை கோயில்லயிருந்து தனிய வந்து காட்டுங்கோ. பிறகு நான் ஒண்டும் கதைக்கமாட்டன். இவள் பின்னால வருவாள், வாய் திறக்கமாட்டாள்."

"அவள் எப்ப திறந்தவள்?" என்றார் மச்சாள்.

அந்த வாரம் மச்சாள் காய்ச்சலில் படுத்திருந்தார். கருங்கல்லை மூடி, காப்பட் என்கிற புதுமாதிரித் தார் போட்டதும் அதே வாரம்தான். அதை அவரிடம் சொல்லவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறன்று முள்ளுத்தாரும் வழுக்கல்தாரும் தாண்டி வந்தவர், கிட்டங்கியின் முன்னால் நின்றுவிட்டார். ஒரு காலைத் தூக்கி வைத்தார், எடுத்தார். பின்னால் லொறி ஹோன் அடித்தது. மச்சாள் குனிந்து ரோட்டைக் கையால் தடவினார். முகம் வெளுத்துவிட்டது. என் தொண்டையிலிருந்து வந்த சத்தம் எனக்கே புதிது.

"மச்சாள், அது காப்பட்! கருங்கல்லுக்கு மேல போட்டிருக்கினம்!"

"காப்பட்" என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். காலால் இரண்டு தரம் தேய்த்தார். பிறகு நடந்தார். காப்பட் முடிந்த இடத்தில் இடப்பக்கம் திரும்பினார்.

வாசலில் நின்ற கணவர், "இவள் கத்தினது இஞ்ச வரைக்கும் கேட்டது. இது கணக்கில்ல" என்றார்.

"அவள் ரோட்டின்ர பேரைத்தான் சொன்னவள். வழி நான் வந்தனான்" என்றார் மச்சாள்.

மச்சாள் போய்ச் சேர்ந்து பல வருடங்கள். இப்போது கோயிலிலிருந்து ஒழுங்கை முனைவரை ஒரே காப்பட், ஒழுங்கைக்குள் இன்டர்லொக் கல். பூசை முடிந்து வரும்போது முள்ளுத்தார், வழுக்கல்தார், கருங்கல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு வருகிறேன். காலுக்கு ஒன்றும் தெரிவதில்லை. வீட்டுக்கு வந்து, அந்தச் செருப்பைத் தூசி தட்டி வைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் திங்கட்கிழமை. மச்சாள் காலைப் பூசைக்குத் தனியாகப் போனார்.